தலையில் நட்ட முடியும் பேட்டரித் தண்ணியும்

சமஸ்தானம் போன கையோடு புதுக்கோட்டைப் பக்கம் கள்ளுக்கடைகளும் போயின. ஏறக்குறைய அதே சமயத்தில்தான் என் தலையின் முன்பக்கத்து முடியும் போகத் தொடங்கியது. முதல் இரண்டுக்கும் சர்க்கார் உத்தரவு இருந்தது. மூன்றாவதற்கு யாரிடம் போய் நியாயம் கேட்பது? எனக்கு அப்போது இருபத்தொரு வயது. புறம்போக்கை வருஷத்துக்கு ஒரு முழம் வளைத்துப் போடுகிற பங்காளி மாதிரி என் நெற்றி மேலே ஏறிக்கொண்டே போனது. இருபத்தேழு வயதில் உச்சி வரைக்கும் அதன் பட்டாவுக்கு வந்துவிட்டது.

எங்கள் அப்பாவுக்கு அறுபது வயதிலும் குடுமி போடும் அளவுக்கு முடி இருந்தது. என்னைப் பார்க்கும்போதெல்லாம், "இது நம்ம பக்கத்துச் சாமான் இல்ல, ஒங்க ஆத்தா வீட்டுச் சீதனம்" என்பார். ஆத்தா வாயைத் திறக்க மாட்டாள். அவளுடைய அண்ணன் தம்பி மூன்று பேரும் வெயிலில் வரிசையாக வந்து நின்றால் எதிரே இருப்பவனுக்குக் கண் கூசும். 

நான் புதுக்கோட்டைக்கும் கறம்பக்குடிக்கும் ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டர். காக்கிச் சட்டை, தோல் பை, விசில், காக்கித் தொப்பி. மற்ற கண்டக்டர்கள் தொப்பியை முதலாளி வரும் நேரத்துக்கு மட்டும் மாட்டிக்கொள்வார்கள். நான் சாப்பிடும்போதும் கழற்றுவதில்லை. தொழில்பக்தி என்றால் இதுதான் என்று முதலாளி எல்லோருக்கும் என்னை உதாரணம் காட்டினார். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் மறுத்துச் சொல்லவா முடியும்.

வல்லத்திராக்கோட்டையில் பெண் பார்க்கப் போனபோதும் ட்யூட்டி முடிந்து நேரே வந்ததாகச் சொல்லித் தொப்பியோடுதான் உட்கார்ந்திருந்தேன். சித்திரை மாதத்து வெயில். தொப்பிக்குள்ளிருந்து வேர்வை காதோரம் இறங்கி ஓடியது. பெண்ணின் அப்பா உழுது பிழைக்கிற சம்சாரி, கண்டிப்பான மனுஷர். அந்தக் காலத்தில் கள்ளுக்கடை முன்னால் மறியல் செய்து அடி வாங்கியவர். தொப்பி போட்ட மாப்பிள்ளையை அவருக்குப் பார்த்தவுடன் பிடித்துவிட்டது. காபி கொண்டுவந்த பெண் டம்ளரை நீட்டிவிட்டு என் தொப்பியை ஒரு நிமிஷம் பார்த்தாள். உள்ளே போய், "அவுகளுக்கு வேர்த்துக் கொட்டுது ஆத்தா, ஒரு விசிறி கொண்டுபோய்க் குடு" என்று சொன்னது வெளியே எனக்குக் கேட்டது.

என்னை அடித்துப் போட்டது அந்த விசிறிதான். அதுவரைக்கும் என் தலையைக் கேலி செய்தவர்கள் உண்டு, அதற்கு வேர்க்கும் என்று யோசித்தவர்கள் கிடையாது. கட்டினால் இவளைத்தான் என்று பஸ் ஏறுவதற்குள் முடிவு செய்துவிட்டேன். தை மாதம் கல்யாணம் என்று நிச்சயமும் ஆயிற்று.

அதற்கப்புறம்தான் பயம் பிடித்தது. மணவறையில் தொப்பியோடு உட்கார முடியாது. மாமன்காரர் பட்டம் கட்டும்போது தலையைக் காட்டியாக வேண்டும். நலங்கில் ஊர்ப் பொம்பளைகள் ஒவ்வொருத்தியாக வந்து உச்சியில் எண்ணெய் வைப்பார்கள். ஏமாற்றிப் பெண் கட்டப் பார்த்தான் என்று பந்தலிலேயே பேச்சு வரும். பெண்ணின் அப்பா எழுந்து நின்றால் எல்லாம் முடிந்தது.

இந்தச் சங்கடத்தை நான் சொன்ன ஒரே ஆள் எங்கள் டிரைவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், என்னை மாப்ளே என்றுதான் கூப்பிடுவார். கடை மூடிய பிறகு எங்கள் ஜில்லாவில் குடிப்பவர்களே இல்லை என்பது சர்க்காரின் எண்ணம். டிரைவரும் நானும் அந்தக் குடிக்காதவர்கள் கூட்டத்தில்தான் இருந்தோம். கறம்பக்குடிக்குப் பக்கத்து முந்திரிக்காட்டுக்குள் காய்ச்சிய சரக்கு, பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றும் கேனில் எங்களோடு பிரயாணம் செய்யும். மத்தியான ட்ரிப் முடிந்ததும், "பேட்டரி எறங்கிப்போச்சு மாப்ளே" என்பார். இரண்டு பேரும் கேனை எடுத்துக்கொண்டு புளியமரத்துப் பக்கம் போவோம். போலீஸ்காரர்களே அந்த பஸ்ஸில் ஏறி அந்தக் கேன் மேல் காலை வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

டிரைவர்தான் அந்தக் கம்பவுண்டரைப் பற்றிச் சொன்னார். மலாயாவில் ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் பல வருஷம் இருந்துவிட்டு, சண்டை முடிந்து ஊர் திரும்பிப் புதுக்கோட்டையில் ஒரு சந்தில் ஊசி போட்டுப் பிழைத்துக்கொண்டிருந்தவர். ஜப்பான்காரர்கள் மலாயாவைப் பிடித்திருந்த காலத்தில், தீயில் வெந்த ஒருத்தனுக்கு ஒரு ஜப்பான் டாக்டர் பிடரியிலிருந்து முடியை வேரோடு எடுத்துப் புருவத்தில் நட்டதைப் பக்கத்தில் நின்று பார்த்தவராம். ஊருக்கு வந்ததும் ஒரு பொன்னாசாரியிடம் சொல்லி அதே மாதிரி குழாய்க் கத்தி ஒன்று செய்து வைத்திருந்தார். அரிசி மணி நுழையும் அளவு குழாய், நுனி மட்டும் கூர்.

என் தொப்பியைக் கழற்றச் சொல்லிச் சுற்றி வந்து பார்த்தார். வயல் பார்க்க வந்தவர் மாதிரி அங்கங்கே விரலால் அழுத்தினார்.

"ஒண்ணும் பெரிய வித்தை இல்ல தம்பி. பின்னால இருக்கிறது நாத்தங்கால், முன்னால இருக்கிறது வயல். அங்கிட்டுப் பறிச்சு இங்கிட்டு நடணும். நாப்பது குழி போட்டா தூரத்துல இருந்து பாக்க நல்லாருக்கும்."

"பிடிக்குமா சார்?"

"பத்தியம் இருந்தா பிடிக்கும். முன்னால பதினஞ்சு நாளு, பின்னால பதினஞ்சு நாளு, சாராயம் ஒரு சொட்டு உள்ள போகக் கூடாது. போச்சுன்னா ரத்தம் நீர்த்துரும். குழியில நிக்காது. அப்பறம் குடிச்சாலும் புண்ணு ஆறாது. நீ குடிக்கிறது உண்டா?"

நான் பதறிப்போனேன். குடிப்பேன் என்று வாய்விட்டுச் சொன்னால் ஜெயில் என்ற காலம். "ஐயய்யோ, சட்டம் இருக்கே சார்" என்றேன். டிரைவரும் பக்கத்தில் நின்று, எனக்கு அந்த வாடையே ஆகாது என்று சாட்சி சொன்னார்.

கம்பவுண்டர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "இந்த ஊர்ல ஒருத்தனும் குடிக்கிறதில்ல. நான்தான் தெனமும் குடிக்காதவன் மண்டைக்குத் தையல் போட்டுக்கிட்டிருக்கேன்" என்றார். புரட்டாசியில் ஒரு நாள் குறித்துக் கொடுத்தார். என் தலைக்கு வருவதற்கு முன்னால் அவர் தனியாக நட்டது ஒரே ஒரு புருவம் என்பது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது.

சத்தியமாகச் சொல்கிறேன், முன் பத்தியம் பதினாலு நாள் இருந்தேன். டிரைவர் புளியமரத்துக்குப் போகும்போது நான் பஸ்ஸிலேயே உட்கார்ந்து அந்தப் பெண்ணையும் விசிறியையும் நினைத்துக்கொள்வேன். பதினைந்தாம் நாள் காலையில் குழாய்க் கத்தியின் ஞாபகம் வந்து எனக்குக் கால் நடுங்கியது. கம்பவுண்டர் வீட்டுச் சந்து முனையில் டிரைவர் கேனோடு நின்றுகொண்டிருந்தார்.

"பேட்டரி போட்டுக்கிட்டுப் போ மாப்ளே. பயந்தவன் தலையில மயிரு எப்பிடி நிக்கும்."

அந்த நேரத்துக்கு அது பெரிய சாஸ்திரமாகத் தெரிந்தது. ஒரு டம்ளர் குடித்தேன். இன்னொரு கால் நடுங்குகிறதே என்று இன்னொரு டம்ளர். வாயில் நாலு கிராம்பைப் போட்டு மென்றுகொண்டே உள்ளே போனேன்.

சாய்வு நாற்காலியில் குப்புறச் சாய்த்து, பிடரியில் கொஞ்சம் மழித்து, மரத்துப்போகும் ஊசி போட்டார். குழாயை வைத்துத் திருகுகிற சத்தம் மண்டைக்குள் கேட்டது. வேரோடு எடுத்த முடி மணிகளை உப்புத் தண்ணீர் ஊற்றிய பீங்கானில் வரிசையாகப் போட்டார். பிறகு என்னைத் திருப்பிப் படுக்க வைத்து முன்னால் குழி போட்டு நட ஆரம்பித்தார். ஆறு ஏழு வரைக்கும் மலாயாக் கதை சொல்லிக்கொண்டு நடந்த வேலை, அப்புறம் பேச்சில்லாமல் நடந்தது. ரத்தம் நிற்கவில்லை. நட்டதை ரத்தமே தள்ளிக்கொண்டு வெளியே வந்தது. அவர் அழுத்திப் பிடிக்கப் பிடிக்க என் காதுக்குள் எல்லாம் ஓடியது. குனிந்து என் வாய்க்கு நேரே மோந்து பார்த்தார்.

"கிராம்பு எதுக்குடா தின்ன?"

வாயில் மிச்சமிருந்த கிராம்பை விழுங்கினேன்.

"குடிச்சிருக்கியா இல்லியா?"

"சட்டம் இருக்கே சார்" என்றேன் மறுபடியும்.

"சட்டம் ஒன் வாய்க்குத்தான். ஒன் ரத்தத்துக்குத் தெரியுமா?" என்று குழாயைத் தட்டில் எறிந்தார். ரொம்ப நேரம் துணியை வைத்து அழுத்தி ஒரு வழியாக ரத்தத்தை நிறுத்தினார். பதினெட்டு குழியோடு கட்டுப் போட்டு அனுப்பிவிட்டார். மீதி இருபத்திரண்டு மணி பீங்கானிலேயே கிடந்தது. "இனி பதினஞ்சு நாளைக்காவது மனுஷனா இரு. இல்லாட்டி இந்தப் பதினெட்டும் போயிரும்" என்றார். வாசல் வரை வந்து டிரைவரையும் திட்டினார்.

வீட்டில், பஸ் கம்பியில் இடித்துக்கொண்டேன் என்று சொன்னேன். கட்டுக்கு மேல் தொப்பியை மாட்டிக்கொண்டு நாலாம் நாளே வேலைக்கும் போனேன். பத்து நாள் நல்லபடியாகத்தான் போயிற்று. பதினோராம் நாள் ஆயுத பூஜை வந்து சேர்ந்தது.

பஸ்ஸைக் கழுவி, சந்தனம் அப்பி, முன்னால் வாழைக்கன்று கட்டி, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தோம். பூசணிக்காய் உடைத்தோம். ஸ்டீயரிங், ஜாக்கி, ஸ்பானர், என் விசில் வரைக்கும் பொட்டு வைத்தாயிற்று. "எல்லாத்துக்கும் பூசை போட்டாச்சு, பேட்டரிய மட்டும் விட்டா சாமி கோவிச்சுக்காதா" என்று டிரைவர் கேட்டார். நாலு நாள் பாக்கிதானே என்று நானும் நினைத்தேன். குடித்த பிறகு கட்டுக்குள் அரிப்பெடுத்தது. தொப்பிக்குள் விரலை விட்டுச் சொறிந்தேன். சொறியச் சொறியச் சுகமாக இருந்தது. எத்தனை நாற்று கையோடு வந்தது என்று யார் பார்த்தது?

மறுநாள் தலை வீங்கிக் கண் இடுங்கிவிட்டது. கம்பவுண்டர் கட்டைப் பிரித்தார், சீழ் வாடை அடித்தது. திட்டக்கூட இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "முடிய முழுசா எறக்கிட்டு வா. அப்பத்தான் மருந்து வைக்க முடியும்" என்று மட்டும் சொன்னார். வெளியே வந்தால் டிரைவர் வலிக்கு நல்லது என்று மறுபடியும் ஊற்றிக் கொடுத்தார். அதையும் குடித்தேன். புத்தி எங்கே போயிற்று என்று இன்றைக்குக் கேட்டால் எனக்கே தெரியாது.

குளத்தங்கரையில் அரசமரத்தடியில் ஒரு நாவிதர் இருந்தார். முன்பின் தெரியாதவர். நான் வேட்டியும் துண்டுமாகப் போய் அவர் முன்னால் தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தேன். கண் சிவந்து நீர் வடிந்தது. அவர் என்னைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "தலையும் மீசையுமா?" என்று கேட்டார். அதை எப்போது கேட்பார்கள் என்று எங்கள் பக்கத்தில் பிறந்த எவனுக்கும் தெரியும். தலையோடு மீசையையும் எடுக்கிற மகன் எதற்காக எடுக்கிறான் என்பதற்கு விளக்கம் வேண்டியதில்லை. குடித்திருந்த எனக்கு ஒன்றும் ஏறவில்லை. எதைக் கேட்டாலும் ஆகட்டும் என்கிற நிலைமையில் தலையை ஆட்டினேன்.

மழித்துக்கொண்டே, "மனசத் தேத்திக்கங்க, எனக்கும் போன வருஷந்தான் போச்சு" என்றார். நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் தலையில் காடு மாதிரி முடி. எனக்குக் குழப்பமாக இருந்தது. ஏதோ ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மருந்து வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். மொட்டைத் தலை, மழித்த உதடு, தோளில் வெள்ளைத் துண்டு, போதை இறங்கிச் செத்துப்போன முகம். பெண்ணின் தாய்மாமன் அந்த நேரம் பார்த்து அங்கே வந்திருக்கிறார். என்னைப் பார்த்திருக்கிறார். வந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். ஆனால் துக்கத்தை நடுத்தெருவில் நிறுத்திக் கேட்கக் கூடாது. வீட்டுக்கு வந்துதான் கேட்க வேண்டும், அதுதான் மரியாதை. மரியாதை தெரிந்த மனுஷர், அடுத்த பஸ்ஸைப் பிடித்து வல்லத்திராக்கோட்டைக்கு ஓடிவிட்டார்.

மறுநாள் காலையில் நான் வீட்டுக்குள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தேன். ஆத்தாவிடம் புண்ணைச் சொல்லியிருந்தேன். மீசை போனதைக் கேட்டபோது துண்டால் வாயை மூடிக்கொண்டேன். அப்பா கொல்லையில் உட்கார்ந்து சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு பழைய சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எங்கள் ஊர் கறம்பக்குடி ரோட்டின் மேலேயே இருக்கிறது. பஸ் ஸ்டாப்பில் நிற்க வேண்டிய எங்கள் பஸ் நேரே எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்ற சத்தம் கேட்டது. அதற்குப் பின்னால் பொம்பளைகள் கத்திக்கொண்டு ஓடிவருகிற சத்தம்.

பெண் வீட்டார் எங்கள் பஸ்ஸில்தான் வந்திருக்கிறார்கள். டிரைவர் அவர்கள் அழுவதைப் பார்த்து விசாரித்திருக்கிறார். எங்கள் அப்பா போய்விட்டார் என்று கேட்டதும் அவரும் அழுதிருக்கிறார். காலையிலேயே பேட்டரி போட்டிருந்ததால் அழுகை நன்றாகவே வந்திருக்கிறது. வழியில் நிறுத்தி மாலை வாங்கி, எந்த ஸ்டாப்பிலும் நிற்காமல் ஓட்டி வந்துவிட்டார். பஸ்ஸில் இருந்த மற்ற ஜனங்களும், வந்தது வந்தோம் என்று இறங்கி வரிசையாக நின்றார்கள்.

வந்த பொம்பளைகள் ஆத்தாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டார்கள். எங்கள் பக்கத்தில் கழுத்தைக் கட்டி அழ வந்தவர்களிடம் யாருக்கு என்ன என்று கேட்கிற வழக்கம் கிடையாது. முதலில் அழ வேண்டும், அப்புறம்தான் மற்றது. ஆத்தா, சம்பந்தி வீட்டில்தான் ஏதோ நடந்துவிட்டது என்று நினைத்து அவர்களைவிடச் சத்தமாக அழுதாள். உள்ளே படுத்திருந்த எனக்கும் அப்படித்தான் பட்டது. அத்தனை பேர் வந்திருக்கிறார்கள், பெண்ணின் அப்பா மாலையோடு நிற்கிறார், அப்படியானால் போனது யார்?

என் உயிர் என்னிடம் இல்லை. விசிறி கொடுக்கச் சொன்ன அந்தக் குரல்தான் காதில் கேட்டது. முடியாவது மயிராவது, அவள் இருந்தால் போதும் சாமி என்று கும்பிட்டுக்கொண்டே மொட்டைத் தலையோடு வெளியே ஓடி வந்தேன். என்னைக் கண்டதும் அழுகை இரட்டிப்பாயிற்று. பெண்ணின் அத்தைக்காரி ஒருத்தி, ஒப்பாரியில் பேர் போனவள், நடுவில் உட்கார்ந்து எடுத்தாள்:

"ஏழு கெணறு வெட்டி எறச்ச மகராசா,
ஒரு வாய்த் தண்ணிக்கு ஒங்கள எங்க தேட?"

அப்பா சோற்றுக் கையோடு கொல்லையிலிருந்து வந்து நிலைப்படியில் நின்றார். இரண்டாவது தடவை அந்த வரி வரும் வரைக்கும் பொறுமையாகக் கேட்டார்.

"ஏழு இல்ல ஆத்தா, ஒண்ணுதான். அதுலயும் பாதி பங்காளியோடது" என்றார்.

 டிரைவர்தான் முதலில் மயங்கி விழுந்தார்.

பெண்ணின் அப்பா கையில் மாலையும், செத்தவருக்குப் போர்த்துகிற கோடித் துணியுமாக என் பக்கம் திரும்பினார். என் தலையில் பதினெட்டு புண், உதட்டில் மீசை இல்லை. "இது என்ன மாப்பிள்ளை?" என்று கேட்டார். பொய் சொல்ல எனக்கு நிறைய வழி இருந்தது. வேண்டுதல் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு நிமிஷத்துக்கு முன்னால் அவள் போய்விட்டாள் என்று நம்பி எழுந்து வந்தவன் நான். பொய்க்கு வேண்டிய தெம்பு என்னிடம் மிச்சமில்லை. தொப்பியில் ஆரம்பித்து, குழாய்க் கத்தி, நாற்று, முன்னால் குடித்தது, பின்னால் குடித்தது, நாவிதரிடம் தலையாட்டியது வரைக்கும் எல்லாவற்றையும் ஒரு பஸ் ஜனத்தின் முன்னால் சொல்லி முடித்தேன்.

"சொட்டைங்கிறது மனுஷனுக்கு வாரதுதான்" என்றார் அவர். "பெத்த தகப்பன உசுரோட வச்சுக்கிட்டு மீசைய எறக்கச் சம்மதிக்கிற குடி இருக்கே, அதுக்கு எங்க வீட்டுப் பொண்ணு இல்ல." கொண்டுவந்த கோடியை வாசலிலேயே வைத்துவிட்டு எல்லோரையும் கூட்டிக்கொண்டு நடந்தே போய்விட்டார்.

 அப்பா உள்ளே போய் மீதிச் சோற்றைச் சாப்பிட்டார். நான் பக்கத்தில் போய் நின்றேன். "ஒரு டம்ளருக்கு என்னையக் கொன்னுட்டியேடா" என்று தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். சிரிப்பாகத்தான் சொன்னார், ஆனால் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அடித்திருந்தால் தேவலை என்று இருந்தது. எனக்கு அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

நாலு நாள் கழித்து அப்பா அந்தக் கோடியைத் தோளில் போட்டுக்கொண்டு தனியாக வல்லத்திராக்கோட்டைக்குப் போனார். செத்தவர் என்று அழுத மனுஷர் கோடியோடு தெருவில் நடந்து வருவதைக் கண்டு சில வீடுகளில் கதவைச் சாத்தினார்களாம். சம்பந்தி வீட்டுக்குள் போய் உட்கார்ந்து அவர் பேசியதை ஊர் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தது.

"எனக்கு அழுதுட்டீங்க. எனக்குன்னு கோடியும் எடுத்துட்டீங்க. ஒறவு இல்லாதவனுக்கு யாரும் கோடி எடுக்கிறதில்ல. இனி கல்யாணம் இல்லன்னா, எந்த மொறையில எனக்கு அழுதீகன்னு சொல்லிருங்க. நான் போயிர்றேன்."

 கதவுக்குப் பின்னாலிருந்து அந்தப் பெண்தான் பேசினாளாம்: "தலைய நான் பாத்துக்கிறேன் மாமா. வாய அவுகளப் பாத்துக்கச் சொல்லுங்க."

தையில் நடக்க வேண்டிய கல்யாணம் என் மீசை நன்றாக வளரட்டும் என்று வைகாசிக்குத் தள்ளிப்போயிற்று. பதினெட்டில் ஐந்து பிடித்திருந்தது. உச்சிக்குக் கீழே, நட்டநடு வெளியில், ஐந்து கொத்து மட்டும் பிடரி முடியின் முறைப்போடு நின்றது. நலங்கின்போது என் மனைவி எண்ணெய் வைத்துவிட்டு அந்த ஐந்தையும் விரலால் எண்ணிப் பார்த்தாள். அதற்குப் பிறகு நான் குடிக்கவே இல்லை என்று எழுதினால் டிரைவர் சிரிப்பார். இரண்டு தடவை குடித்தேன். இரண்டு தடவையும் மாட்டுக் கொட்டகையில் படுத்தேன். அப்புறம் விட்டுவிட்டேன். டிரைவரோடு சிநேகத்தை விடவில்லை.

அப்பா அதற்குப் பிறகு எட்டு வருஷம் இருந்தார். கோடியைத் தகரப் பெட்டியில் மடித்து வைத்திருந்தார். ஆத்தா எடுத்து எறியப் பார்க்கும்போதெல்லாம், "நல்ல துணிடி, கெடக்கட்டும்" என்பார். ஒரு ஆடி மாதம் வயலுக்குப் போய்விட்டு வந்து தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

வல்லத்திராக்கோட்டைக்கு ஆள் அனுப்பினோம். என் மாமனார் தெரு முனையிலேயே எல்லோரையும் நிறுத்திவிட்டு, அந்தத் தாய்மாமனை முதலில் உள்ளே அனுப்பினார். அவர் வந்து வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். என் மனைவி போய், "இந்தத் தடவ நெசந்தான் மாமா" என்று சொன்ன பிறகுதான் அவர் துண்டை வாயில் வைத்தார். எட்டு வருஷத்துக் கோடியையே அப்பாவுக்குப் போர்த்தினோம். அத்தைக்காரி வந்து தலைமாட்டில் உட்கார்ந்தாள். வயசாகிக் குரல் உடைந்திருந்தது. அப்பா முகத்தைப் பார்த்து எடுத்தாள்:

"ஒத்தக் கெணறு வெட்டி, பாதி குடுத்த மகராசா,
ஒரு வாய்த் தண்ணிக்கு ஒங்கள எங்க தேட?"

அதுவரைக்கும் அழாமல் நின்ற நான் அங்கேதான் உடைந்துபோனேன்.

சுடுகாட்டில் வேலை நடந்துகொண்டிருந்தபோது டிரைவர் என் பக்கத்தில் வந்து நின்றார். தலை நரைத்து, அவருக்கும் முன்பக்கம் முடி போய்விட்டது. துண்டுக்குள் எதையோ மறைத்து வைத்திருந்தார். "ஒரு வாய் போட்டுக்க மாப்ளே, தாங்க மாட்ட. இன்னைக்கு யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாக" என்றார். துக்க வீட்டில் அதற்குத் தடை கிடையாது, சட்டம் என்ன சொன்னாலும்.

"வேணாம்ணே. இன்னைக்கு என்னைய ஒண்ணு கேப்பாக. புத்தியோட பதில் சொல்லணும்" என்றேன்.

எங்கள் ஊர் நாவிதர் தலையில் தண்ணீர் தெளித்தார். ஐந்து கொத்தும் முதல் இழுப்பிலேயே வந்து மடியில் விழுந்தது. வழக்கப்படி கேட்டாக வேண்டும் என்பதால் குனிந்து மெதுவாகக் கேட்டார்.

"தலையும் மீசையுங்களா?"

"ஆமா" என்றேன். "எங்கப்பா செத்துட்டாரு."